மாடிக் கண்ணாடி நீலமாகவே நின்றுபோன விவரம்

தூத்துக்குடி,
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்.

மகா கனம் பொருந்தியவளும், டங்ஸ்டனையும் மாலிப்டினத்தையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டிச் சண்டையில்லாமல் ஒரே கண்ணாடிமேல் உட்காரவைத்தவளும், என் ஒரே அக்காளின் ஒரே மகளுமாகிய ஈவாஞ்சலினுக்கு, உன் தாய்மாமனும், துறைமுகத்துக் கிரேனின் உச்சியில் உட்கார்ந்து உலகத்துக் கப்பல்களையெல்லாம் குனிந்தே பார்த்து ஓய்வு பெற்றவனுமாகிய ஜாபேஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தாலும் உன் கிருபை அத்தை வைக்கும் மீன்குழம்பாலும் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே மதுரை ஆய்வுக்கூடத்தில் நீயும் உன் பேராசிரியரும் உன் பெராக்ஸைடு பாட்டில்களும் அவ்வண்ணமே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அவ்வண்ணமே இருக்க வேண்டும் என்று இன்று காலை கூடுதலாக ஒரு ஜெபம் செய்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எங்கள் வீட்டில் போன் பேசுவது என்றால், நான் ஒரு வாக்கியம் சொல்ல, உன் அத்தை அடுக்களையிலிருந்து அதற்கு ஒரு திருத்தம் சொல்ல, எதிர்முனையில் இருப்பவர்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடுவார்கள். திருத்தமில்லாத வரலாறு உன் கைக்கு வர வேண்டும் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்கே கிடைத்துவிடும் என்று கூரியர்க்காரர் வேதப்புத்தகத்தின்மேல் கைவைக்காத குறையாகச் சொல்லியிருக்கிறார். விஷயம் இதுதான், மகளே: நீ எங்கள் மாடியில் பொருத்திவிட்டுப் போன கண்ணாடி செத்துவிட்டது. சனிக்கிழமை உன் பேராசிரியர் அதை எடுத்துப்போக வருகிறார். கடற்கரைக் காற்றில் அது எப்படித் தாங்கியது என்பதுதான் உன் ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் என்பதும், அந்த அத்தியாயம் இல்லாமல் பட்டம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அவர் மதுரையில் காரில் ஏறுமுன் நீ முழுவதும் அறிந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்து படி. நாற்காலிக்குக் கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் நீ அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தையைப்போல் கொண்டுவந்தாயே, அன்றைக்கு நீ விளக்கியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. டங்ஸ்டன் தூளைப் பெராக்ஸைடில் கரைத்து, மாலிப்டினத்தையும் சேர்த்து, மின்சாரம் கடத்தும் கண்ணாடி ஒன்றை அந்தக் கரைசலில் தொங்கவிட்டு, எறும்புக்குக்கூட உறைக்காத அளவு மின்சாரத்தைப் பாய்ச்சினால், இரண்டு உலோகங்களின் ஆக்ஸைடும் கலந்து ஒரு படலமாக அதன்மேல் படியும் என்றாய். படலத்தின் கனம் எவ்வளவு என்று கேட்டேன். தலைமுடியை நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு என்றாய். நம் குடும்பத்தில் தலைமுடியைப் பிளந்து பேசுகிறவர்கள் ஏராளம், ஆனால் அதைவைத்துப் பட்டம் வாங்கப்போகிறவள் நீ ஒருத்திதான். "கவரிங் நகைக்கு முலாம் பூசுத மாதிரியா?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா. ஆனா அது உலோகமாவே படியும், இது ஆக்ஸைடா படியும்" என்றாய். "ஆக்ஸைடுன்னா துருலா?" என்றேன். நீ கொஞ்சம் யோசித்து, "ஒரு வகையில துருதான் மாமா" என்றாய். ஈவாஞ்சலின், அன்று இரவு நான் தூங்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவன் ஒவ்வொருவனும் துருவைச் சுரண்டியே கிழவனாகிறான். ஜன்னல் கம்பியில் துரு, வாளிக் கைப்பிடியில் துரு, கேட்டில் துரு, கேட்டைத் திறக்கும் சாவியில் துரு. நான் ஓட்டிய கிரேனில் துருவைச் சுரண்டிச் சேர்த்திருந்தால் இன்னொரு கிரேன் செய்திருக்கலாம். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த பிள்ளை, துருவைத் தொட்டி கட்டி வளர்த்து, மின்சாரம் ஊட்டி, அதற்கு டாக்டர் பட்டமும் வாங்கப்போகிறது என்றால் மாமனுக்கு எப்படி இருக்கும்?

பிறகு நீ அந்தச் சின்னப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாய். தண்ணீர்போல் இருந்த கண்ணாடி மெல்ல மெல்ல நீலமாயிற்று. லித்தியம் என்ற பொடிப்பயல்கள் படலத்துக்குள் ஏறிக்கொண்டால் நீலம், இறங்கிவிட்டால் தெளிவு என்று நீ சொன்னதை, முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஆள் ஏறுவதும் இறங்குவதும்போல என்று நான் உடனே பிடித்துக்கொண்டேன். இரண்டு உலோகம் எதற்கு, ஒன்று போதாதா என்று உன் அத்தை கேட்டபோது, கலந்தால்தான் நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று நீ சொன்னதும், அவள் என்னை ஒரு பார்வை பார்த்ததும் நினைவிருக்கிறது. கடைசியில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்த அகலமுள்ள அந்தக் கண்ணாடியை மாடிக் கைப்பிடிச் சுவரில், கடலைப் பார்த்து, மரச்சட்டத்தில் நிறுத்தி, இரண்டு கிளிப்பையும் மாட்டிவிட்டு, எனக்கு உத்தரவு போட்டாய்: "மாமா, காலையிலயும் சாயங்காலமும் சுவிட்சைப் போட்டு, நீலமாவுதா, தெளியுதான்னு போட்டோ எடுத்து அனுப்புங்க. கண்ணாடிய மட்டும் நீங்க தொடாதீங்க. காத்து அடிக்கட்டும், வெயில் அடிக்கட்டும், காக்கா வந்து உக்காரட்டும். நீங்க தொடாதீங்க." அன்று முதல் நான் அந்தச் சுவிட்சுக்கு அதிகாரியானேன். கிரேனில் இருந்தபோதுகூட என் விரலுக்கு இவ்வளவு கௌரவம் இருந்ததில்லை.

கண்ணாடியின் புகழ் எப்படிப் பரவியது என்பதை நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பாய், அதனால் குறைத்தே சொல்கிறேன். காலையில் நான் சுவிட்சைப் போடும் நேரத்தில் கடற்கரைச் சாலையில் போக்குவரத்து நின்றது. கொழும்புக்குப் போக வேண்டிய கப்பல் ஒன்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நங்கூரத்தைத் தூக்காமல் கிடந்தது. முயல்தீவுக் கலங்கரை விளக்கம், தனக்கு இத்தனை வருஷமாக இந்த வித்தை தெரியாமல் போயிற்றே என்று இரண்டு நாள் மங்கலாக எரிந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், ஒருவரைத் தவிர. முள்ளக்காட்டில் உப்பளம் வைத்திருக்கும் நம் பக்கத்து வீட்டுப் பாண்டியராஜன்தான் அவர். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "நீலம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா உப்புக்காத்து இதுக்குப் படிப்பு இருக்குன்னு பாக்காது. என் களத்துல இரும்பு மம்பட்டிய வச்சிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தா, பிடி மட்டுந்தான் இருக்கும்" என்றார். "வே பாண்டியராஜா, இதுவே துருதான்வே. துருவத் துரு என்ன செய்யும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் விஞ்ஞானத்தில் அவரை மடக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிக் காற்று வந்தது. மொட்டைமாடியில் காயப்போட்ட என் லுங்கி விறைத்து, மடித்தால் ஒடிந்துவிடும்போல் இருந்தது. டிஷ் ஆன்டெனாவின் திருகாணிகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. ஆனால் உன் கண்ணாடி மட்டும் கல்யாணப் பெண்ணைப்போல் பளபளத்தது. போன வாரம் நீ போனில் கூப்பிட்டு, "மாமா, உங்க மாடிக் கண்ணாடி சூப்பரா இருக்கு. போட்டோ எல்லாத்தயும் ஸார்கிட்ட காமிச்சேன். சனிக்கிழமை அவங்களே நேர்ல வந்து எடுத்துட்டுப் போறாங்களாம்" என்றாயே, அத்துடன் என் கால் தரையில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரைப் பிடித்து, "உப்பை ஜெயிச்ச முதல் கண்ணாடி நம்ம வீட்டுப் பிள்ளை செஞ்சது" என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு வெளியே நிறுத்தியிருந்த தன் பைக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பேக்கரியில் மக்ரூன் வாங்கப் போன இடத்தில் சொன்னேன். மீன் வாங்கிய இடத்தில் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவர் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் திருச்செந்தூர் பஸ் எது என்று கேட்டார், அவருக்கும் சொன்னேன்.

இனி இடி விழுந்த கதை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கத்தைவிட முந்தி மாடிக்கு ஏறினேன். அங்கே உன் அத்தை. அவளுடைய சாயங்கால ஊழியம் உனக்குத் தெரிந்ததுதான்: இந்த ஊரில் காற்றுப் படுகிற எந்தப் பொருளையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் இருட்டவிடக் கூடாது. ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, கொடிக்கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி என்று வரிசையாக ஒரு குவளை நல்ல தண்ணீரும் ஒரு துடைப்பும். விருந்தாளி யாராவது அசையாமல் நின்றால் அவர்களையும் கழுவிவிடுவாள். அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் முடித்து, உன் கண்ணாடிக்கு முன் வந்து நின்று, "வா ராசா, ஒன் முறை" என்று சொல்லி ஒரு குவளையைச் சாய்த்து, என் பழைய வேட்டித் துண்டால் மேலும் கீழுமாகத் துடைத்து, ஓரத்தில் விரல்விட்டு உப்பைத் தேடி எடுத்துவிட்டு, வாளியோடு இறங்கிப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்ற எனக்கு மாடியே சுற்றியது. உப்பில் கிடந்து தாங்குகிறதா என்று பார்க்க நீ வைத்த கண்ணாடிமேல் ஒரு ராத்திரிகூட உப்பு தங்கவில்லை! அது உப்பை ஜெயிக்கவில்லை, உப்பை அது சந்திக்கவே இல்லை. நீயோ அதை நம்பி அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாய். நாளைக்கு யாரோ உன் எழுத்தை நம்பிக் கடலோரத்தில் ஒரு மாளிகை கட்டி, ஜன்னல் முழுக்க இந்தக் கண்ணாடியைப் போட்டு, அடுத்த ஆடியில் அது வெளுத்துப்போய், "யாருடி அந்த ஈவாஞ்சலின்?" என்று கேட்டால்?

சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "கிருபை, மாடியில நீ என்னென்னத்தக் கழுவுத?"

"காத்துப் படுத எல்லாத்தயுந்தான்."

"எல்லாத்தயுமா?"

"ஆமா. நீங்க ஒருநாளும் கழுவுனதில்லைலா, அதான் புதுசாக் கேக்குதிய. குழம்பு ஊத்தட்டா?"

மகளே, நான் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். ஒன்றுமறியாத பேதை, வீட்டுப் பொருள் என்று நினைத்துப் பாசத்தில் கழுவியிருக்கிறாள். ஒரு டாக்டர் பட்டத்தை நனைத்துத் துடைத்துவிட்டாள் என்று அவளிடம் சொல்லி அவள் மனதை நோகடிக்க எனக்கு நெஞ்சில்லை. குழம்பும் அன்று அவ்வளவு நன்றாக இருந்தது. இந்தப் பாரத்தை நானே சுமப்பது என்று தீர்மானித்தேன். ராத்திரியெல்லாம் யோசித்ததில் ஒரு வழி பிறந்தது. உன் கண்ணாடிக்குச் சேர வேண்டிய உப்பு ஈஸ்டரிலிருந்து சேராமல் போயிருக்கிறது. அவ்வளவுதானே? அத்தனை உப்பையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், சனிக்கிழமைக்குள் அது தாங்கியதா இல்லையா என்பது தெரிந்துவிடும், உன் அத்தியாயமும் உண்மையாகிவிடும். இதைவிட நேர்மையான யோசனை இந்தக் கடற்கரையில் இதுவரை யாருக்கும் உதித்ததில்லை.

நேற்றுக் காலை, எப்போதும்போல் சுவிட்சைப் போட்டுக் கண்ணாடியை நீலமாக்கிவிட்டு, பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு முள்ளக்காட்டுக்குப் போனேன். பாண்டியராஜன் களத்தில் நின்றார். "உப்புப் பாத்தியில இருக்கதுலயே ரொம்பக் கரிக்குத தண்ணி எதுவே? ஒரு கேன் வேணும்" என்றேன்.

"கருவாடு போடப் போறியளா அண்ணாச்சி?"

"இல்லவே. கண்ணாடிக்கு."

அவர் முகம் மாறியது. "மருமவ கண்ணாடிக்கா? ஏன், அதுக்கு என்ன?"

"அதுக்கு உப்புப் பத்தல."

"தூத்துக்குடியில உப்புப் பத்தலயா!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஆறு மாசச் சோத்த ஒருத்தனுக்கு ஒரே பந்தியில போட்டா அவன் தாங்குவானா? ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா? அந்தப் பிள்ளைக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுட்டு ஊத்துங்களேன்." நான் கேட்கவில்லை. ஒரு உப்பு வியாபாரி எனக்கு விஞ்ஞானம் சொல்வதா என்று நானே கேனை முக்கி நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். வழியில் போதகர் நிறுத்தி அரைமணி நேரம் துருவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, அத்தை கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மாடியேறி, ஒரு சின்ன ஜெபம் செய்து, கேன் முழுவதையும் கண்ணாடிமேல் சாய்த்தேன். வெயிலில் அது காய்ந்து வெள்ளைவெள்ளையாகப் பூத்தது. மத்தியானம் தெளிய வைக்கலாம் என்று சுவிட்சைத் திருப்பினேன். நீலம். மறுபடி திருப்பினேன். நீலம். பேட்டரியை மாற்றினேன், கிளிப்பைக் கழற்றி மாட்டினேன், சுவிட்சை ஊதினேன், ஒரு பாட்டுக்கூடப் பாடினேன். நீலம், நீலம், நீலம். லித்தியம் பயல்கள் ஏறிய வண்டியைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். இனித் தொட்டால் என்ன என்று சட்டத்திலிருந்து கையில் எடுத்துப் பார்த்தேன். நீ கொண்டுவந்தபோது இருந்ததைவிடக் கனத்தது. துக்கத்தின் கனம் என்று அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

ஆகவே, ஈவாஞ்சலின், மாமன் உனக்குச் சொல்வது ஒன்றுதான். பேராசிரியரிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடு. கண்ணாடி உப்பைத் தாங்கவில்லை, தாங்கியதுபோல் தெரிந்ததற்கு அத்தையின் குவளைதான் காரணம் என்று சொல். இன்னொரு கண்ணாடிக்குப் படலம் ஏற்றிக் கொண்டுவா. நான் அதை முயல்தீவுக்கே கொண்டுபோய், அத்தையின் கைக்கு எட்டாத இடத்தில் பக்கத்தில் படுத்துக் காவல் காக்கிறேன். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகட்டும். தெரிந்தே பொய்யாகிப்போன அத்தியாயத்தை வைத்து நீ டாக்டராக வேண்டாம். உன் அத்தைமேல் கோபப்படாதே. அவள் செய்தது அறியாமல் செய்தது. உலகத்தில் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் சிலர், தெரியாதவர்கள் பலர். தெரிந்த நாம்தான் பொறுத்துப்போக வேண்டும்.

உன் அப்பாவுக்கும் என் அக்காளுக்கும் என் அன்பைச் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும், உன் தொட்டியையும், அதில் தொங்கும் கண்ணாடிகளையும், அவற்றின்மேல் படியும் நல்ல துருவையும் காத்தருள்வாராக. உன் கைவேலை சகல ஜன்னல்களிலும் நீலமாகவும், வேண்டியபோது தெளிவாகவும் விளங்குவதாக.

இப்படிக்கு,
உன் துக்கத்தில் பாதியை ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துவிட்ட
மாமன் ஜாபேஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி நான் அலமாரிக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில், உன் அத்தை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "அந்தக் கண்ணாடியக் கழுவச் சொன்னதே உங்க மருமவதான்" என்கிறாள். நீ பொருத்திவிட்டுப் போன முதல் வாரமே அவள் உன்னைக் கூப்பிட்டு, "ஏளா, இதயும் கழுவட்டா?" என்று கேட்டாளாம். நீயும் கடற்கரைக்காரர்கள் ஜன்னலைக் கழுவத்தானே செய்வார்கள் என்று யோசித்து, இதைத் தினமும் கழுவச் சொல்லிவிட்டு, கழுவாமல் விட இன்னொரு கண்ணாடியைப் பாண்டியராஜனின் உப்பளக் கொட்டகைமேல் வைத்தாயாம். அது ஆடியிலேயே வெளுத்து நின்றுவிட்டதாம். ஒரு குவளை நல்ல தண்ணீர் இருந்தால் படலம் பிழைக்கும், இல்லையென்றால் பிழைக்காது என்பதுதான் உன் அத்தியாயமாம். என்னிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும், அல்லது நான் போய் அதையும் நோண்டுவேன் என்று மூன்று பேரும் பேசிவைத்து மறைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு என்னைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்திருப்பதில் எனக்கு வருத்தம்தான்.

நேற்று நான் களத்தைவிட்டுக் கிளம்பியதுமே பாண்டியராஜன், "மதினி, அண்ணாச்சி கேனோட வாராவ!" என்று அத்தைக்குப் போன் போட்டிருக்கிறார். போதகர் என்னை நிறுத்திவைத்த அரைமணி நேரத்தில் அவள் உன் கண்ணாடியைக் கழற்றிப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டு, பழைய குளியலறை ஜன்னலிலிருந்து கழற்றிப்போட்ட நீலக் கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்தி, அதற்குக் கிளிப்பையும் மாட்டிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாள். இப்போதுதான் அசல் கண்ணாடியில் என் கையாலேயே சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். நீலமாயிற்று, திருப்பினேன், தெளிந்தது. ஆகவே பேராசிரியரிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை தைரியமாக அனுப்பிவை. மேலே நான் எழுதியதில் பேதை, அறியாதவள், விஞ்ஞானம் தெரியாதவர்கள் என்று வருகிற இடங்களில் எல்லாம் அத்தையின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். இவ்வளவும் எழுதிவிட்டதால் கிழித்துப்போட மனம் வரவில்லை. இன்னொரு விஷயம்: ஒரு கேன் பாத்தித் தண்ணீரையும் ஒரு நாள் வெயிலையும் தாங்கி, நீலம் இம்மியும் மாறாமல் நிற்கக்கூடிய கண்ணாடி ஒன்று நம் பழைய குளியலறையில் இருந்திருக்கிறது என்று என் சொந்த ஆராய்ச்சியில் நிரூபணமாகியிருக்கிறது. பேராசிரியருக்குக் காரில் இடமிருந்தால் அதையும் எடுத்துப்போகச் சொல்.